பின்சுவரின் வயது

ஐப்பசி 5, செவ்வாய்

விடியும்போதே மழை. முற்றத்துப் படி மூன்றையும் தேய்த்துவிட்டேன். வழுக்கல் போகவில்லை. இடுப்பில் தகடு வைத்த என் வீட்டுக்காரரைக் கக்கூஸுக்குக் கூட்டிப்போக இந்த முற்றத்தைத் தாண்டவேண்டும். பட்டாளத்தில் மலை ஏறினவர். எங்கள் அறையின் பின்சுவரில் ஒரு ஆள் நுழைய வழி உடைத்தால் போதும், அந்தப் பக்கம் சாமான் அறையிலேயே ஒரு கக்கூஸ் கட்டிவிடலாம். கொத்தனார் ரெடி. அனுமதிதான் இல்லை.

தெருவில் யாரோ வாசல் நிலையைப் போட்டோ எடுக்கிறார்கள். "எம்புட்டு வேலப்பாடு பாரேன்!" உள்ளே வந்து ஒரு நாள் இருந்து பாருங்களேன்.

புதன்

பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிற ஆபீஸிலிருந்து அதிகாரி வந்தார். பாதுகாக்கப்பட்ட கட்டடமாம், ஒரு செங்கல்லைத் தொடக்கூடாதாம். கத்தினேன். ஃபைலைத் திருப்பிக் காட்டினார்.

"இருநூறு வருஷ வீடு, எல்லாச் சுவரும் பழசுன்னு நீங்கதானம்மா எழுதிக் குடுத்தீங்க?"

என் கையெழுத்தேதான். ராஜபாளையத்துக் கொழுந்தன் இந்த வீட்டை ஜவுளிக்கடைக்கு விற்கப் பார்த்தபோது, அதைத் தடுக்க, பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி நான் போட்ட மனு. பின்சுவர் எங்கள் கல்யாணத்துக்காக மாமனார் எழுப்பியது. சிமெண்ட். தெரிந்தேதான் எழுதினேன். இன்று அதை ஒப்புக்கொள்ளாமல் ஃபைலைத் திருப்பிக் கொடுத்தேன். என் மேலேயே வந்த ஆத்திரத்தில் குழம்புக்கு உப்பு இரண்டு தரம்.

வியாழன்

படியில் விழுந்துவிட்டார். முழங்கை வீக்கம். தகட்டுக்கு ஒன்றுமில்லை என்றார் டாக்டர். இனி நடக்கவே வேண்டாம், பெட்பேன்தான். வைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"செத்த நேரம் வெளிய போயிரு ஏட்டி."

அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் கிடக்கிறார். வெளியே வந்து அழுதேன். பல்லைக் கடித்துக்கொண்டு கொழுந்தனுக்குப் போன் போட்டேன். சுவர் எப்போது கட்டியது என்று சொல்ல எங்களைத் தவிர அவர் ஒருத்தர்தான் மிச்சம்.

சனி

கொழுந்தன் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். "நாந்தான மதினி மணல் சலிச்சேன். யார்ட்ட வேணாலும் சொல்லுதேன்." செருப்பைக் கழற்றிக்கொண்டே, "பொறவு வீடே அம்புட்டுப் பழசில்லன்னு நானும் எழுதிப் போடுவேன். இப்பவே சொல்லிட்டேன்."

மூஞ்சிக்கு நேராகச் சொல்கிறார்! இந்த ஆளுக்குத் தோசை வேறு. ஆறு தின்றார்.

திங்கள்

வெயில். அதிகாரி பூச்சைச் சுரண்டினார். சிமெண்ட். நான் முன்பு எழுதினது பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அழுத்தினதில் தாள் கிழிந்தது. பின்சுவரை உடைக்கலாமாம்.

"அப்ப மத்த சுவரையும் பார்க்கணும்மா. அதுவரைக்கும் வீட்டைப் பட்டியல்லேருந்து எடுத்து வைக்கிறோம்."

எதை வேண்டுமானாலும் சுரண்டுங்கள் என்றேன். அதிகாரி தெருவில் இறங்கவில்லை, அதற்குள் கொழுந்தன் டேப்பை எடுத்து முன்கூடத்தை அளக்கிறார். வெட்கமே இல்லை. பொய் எழுதின எனக்கு மட்டும் இருந்ததா?

உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் குரல், பழைய பட்டாளத்து அதட்டலோடு:

"ஏட்டி, கக்கூஸ் கதவு எந்தப் பக்கம் தொறக்கும்?"

வெளிப்பக்கம் என்றேன். உள்ளே விழுந்தால் நான் திறக்கவேண்டுமே.