அம்மாவின் ஜெப விண்ணப்பம்

ரூவி, மஸ்கட்
வெள்ளிக்கிழமை மாலை

என் அன்பு மகள் ஜெமிமாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கிற என் பேரப்பிள்ளையும் ஒரு குறைவும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எழும்போதும் படுக்கும்போதும் என் ஜெபம். கால் வீக்கம் குறைந்ததா? டாக்டர் படுத்தே இருக்கச் சொன்னால் படுத்தே இரு, கட்டிலில் சாய்ந்துகொண்டு லேப்டாப்பில் ஆபீஸ் வேலை பார்ப்பதெல்லாம் ரெஸ்ட் ஆகாது. ஊறுகாய் அப்பளம் பக்கமே போகாதே. உன் மாமியார் மூட்டு ஆபரேஷன் செய்துகொண்டு வாக்கர் பிடித்து நடக்கிறார்கள் என்று சொன்னாயே, பாவம், அவர்களை உனக்காக அடுப்படியில் நிற்க விடாதே, மாப்பிள்ளை ஒரு ரசமும் சோறும் வைக்கத் தெரிந்துகொள்ளட்டும்.

தினமும் போனில் பேசுகிற அம்மா இப்போது எதற்குப் பேனாவும் பேப்பருமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைப்பாய். அப்பாவைப் பழைய கம்பெனியில் வேலையிலிருந்து நிறுத்தியபிறகு நாங்கள் வந்திருக்கிற இந்த வீட்டை நீ பார்த்ததில்லை. தையல் கடைக்கு மேலே ஒரு அறை, ஒரு சின்னச் சமையலறை, அவ்வளவுதான். எந்த மூலையில் நின்று பேசினாலும் அப்பா காதில் விழும். ஒருநாள் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு பேசினேன், நீ “என்னம்மா இரைச்சல், அங்க மழையா?” என்று கேட்டாய், நானும் ஆமாம் என்று சொல்லி வைத்தேன். பக்கத்து பிளாட் சரோஜா நாளை லீவில் உங்கள் கோயம்புத்தூருக்குத்தான் வருகிறாள், அவளிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். அப்பா நோயாளிகளைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள், திரும்பி வருவதற்குள் எழுதிவிட வேண்டும்.

நம் சபைப் போதகர் ஐயரவர்கள் உடம்பு முடியாமல் ஊருக்குப் போனதிலிருந்து சபையை அப்பாதான் நடத்துகிறார்கள் என்பது உனக்குத் தெரியும். சபை மூப்பர் செல்வின் தன் கம்பெனியில் அப்பாவுக்கு விசா போட்டுக் கொடுத்ததும், புது ஐயர் வருகிற வரைக்கும் மட்டும் என்று பேசி வைத்ததும் தெரியும். புது ஐயரின் விசா இன்று வரும் நாளை வரும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அப்பா பிரசங்கம் செய்வார்கள், நான் கீபோர்டு வாசிப்பேன், பாடகர் குழுவைப் பழக்குவேன். நற்கருணைக்கு மட்டும் மலையாளச் சபை அச்சன் வந்து நடத்திக் கொடுப்பார். அதற்கும் மேஜைத் துணி துவைப்பது, பாத்திரம் துலக்குவது நானும் நர்ஸ் பாக்கியசீலியும்தான். எங்களுக்கு ஹால் கிடைப்பது விடியற்காலையில், முடிந்து நாங்கள் பெஞ்சை ஒழுங்கு செய்யும்போதே அடுத்த ஆராதனைக்குத் தெலுங்குச் சபையார் வாசலில் வந்து நிற்பார்கள். எல்லாரும் எங்களைப் பார்த்து, புருஷனும் பெண்டாட்டியுமாகச் சேர்ந்து ஊழியம் செய்கிற பாக்கியம் யாருக்குக் கிடைக்கும் என்பார்கள். நானும் சிரிப்பேன். அந்தச் சிரிப்பு இப்போது தானாக வருகிறது, லிப்ட் கதவு மாதிரி.

போன மாதம் அப்பா என் பாஸ்போர்ட்டைக் கேட்டார்கள். உன் பிரசவத்துக்கு டிக்கெட் போடத்தான் என்று நினைத்து சந்தோஷமாக எடுத்துக் கொடுத்தேன், பிள்ளைக்குப் பருத்தித் துண்டுகூட வாங்கி பெட்டியில் வைத்தேன். அந்த வாரம் வெள்ளிக்கிழமை ஆராதனையில், காணிக்கைக்கு முன்னால் அறிவிப்பு வாசிக்கும்போது, அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, “சபைக்கு ஒரு சந்தோஷச் செய்தி, நானும் அம்மாவும் இன்னும் ரெண்டு வருஷம் உங்களோட இருந்து ஊழியம் செய்ய கர்த்தர் வழி திறந்திருக்கார், விசா புதுப்பிச்சாச்சு” என்று சொன்னார்கள். ஜனங்கள் கைதட்டினார்கள், சிலர் எழுந்தே நின்றுவிட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பா என் பக்கம் திரும்பாமலே கையைக் காட்டினார்கள், காணிக்கைப் பாட்டை ஆரம்பிக்க வேண்டும் என்று அர்த்தம். நான் என்ன செய்வேன், ஆரம்பித்தேன். எல்லாக் கட்டைகளும் சரியாகத்தான் விழுந்தன, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆராதனை முடிந்ததும் மூப்பரின் மனைவி கேக் கொண்டுவந்திருந்தாள். என் கையைப் பிடித்து அப்பா கைமேல் வைத்து இரண்டு பேருமாக வெட்டச் சொன்னாள். பாக்கியசீலி என்னைக் கட்டிப்பிடித்து, “அக்கா, நீங்க போயிருவீங்களோன்னு எத்தன நாளா பயந்துட்டு இருந்தேன் தெரியுமா” என்று அழுதாள். அவளிடம் நான் எதைச் சொல்ல.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் கேட்டேன். அப்பா மறைக்கவில்லை. “உங்கிட்ட கேட்டா நீ மாட்டேன்னு சொல்லிருவ. அதான் கேக்கல” என்றார்கள். ஜெமிமாவுக்கு யார் இருக்கிறார்கள் என்றேன். “கர்த்தர் பாத்துக்கிடுவாரு” என்றார்கள். “கர்த்தர் பிள்ளைய மடியில போட்டுக் குளிப்பாட்டுவாராக்கும்?” என்று கேட்டுவிட்டேன், நாக்கைக் கடித்துக்கொண்டேன், ஆனாலும் கேட்டது கேட்டதுதான். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு, “ஊருக்குப் போனா நான் யாரு பிள்ள? பென்ஷன் இல்லாத ஒரு வயசான ஆளு. இங்க ரூவி ரோட்டுல நடந்தா நாலு பேரு பிரதர்னு ஓடி வாரான். ஒருத்தன் செத்தா என்னத்தான் கூப்பிடுதான்” என்றார்கள். அது பொய்யில்லை. சாத்தான்குளத்து டிரைவர் பையன் ஒருவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சொந்த அண்ணன்கூட வரவில்லை, அப்பாதான் முகம் துடைத்துவிட்டு, அவன் அம்மாவுக்குப் போன் போட்டுக் கொடுத்து, கடைசிவரை கூட இருந்தார்கள். அப்படிப்பட்ட மனுஷனிடம் எப்படிக் கோபப்படுவது? கோபப்பட முடியவில்லை என்பதால்தான் எனக்கு மூச்சு முட்டுகிறது.

அப்புறம் மூப்பரே வீட்டுக்கு வந்தார். பேரீச்சம்பழம் வாங்கி வந்திருந்தார். “அக்கா, பிரசவத்துக்குப் பத்து நாள் போயிட்டு வாங்க, யாரு வேண்டாங்கா? கிறிஸ்மஸ் கேரல் ரவுண்டுக்கு வந்துருங்க. உங்க விசா சாரோட சேந்ததுதான, நான் பாத்துக்கிடுதேன்” என்று அன்பாகத்தான் சொன்னார். விசாவும் அவர் கையில், இந்த வீட்டு அக்ரிமென்டும் அவர் பேரில். டீ கொடுத்து அனுப்பினேன். அதற்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமைகளில் கீபோர்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம், இதிலிருந்து எழுந்து வாசல் வரை நடந்தால் யார் பிடிப்பார்கள் என்று நினைப்பேன். யாரும் பிடிக்க மாட்டார்கள். எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான், அதுவே என்னைக் கட்டிப்போட்டது.

இன்று காலையில் நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். ஜெப விண்ணப்ப நேரத்தில் ஒவ்வொருவராக எழுந்து சொல்வார்களே, அப்பா கேட்டு மனதில் வைத்துக்கொண்டு கடைசியில் எல்லாவற்றுக்கும் ஜெபிப்பார்கள். ஒருவன் வேலைக்காகச் சொன்னான், ஒருத்தி ஊரில் அப்பாவுக்கு ஆபரேஷன் என்றாள். நான் கீபோர்டை அணைத்துவிட்டு எழுந்தேன். “எனக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு” என்றேன். அப்பா நிமிர்ந்து பார்த்தார்கள். “என் மகள் ஜெமிமாவுக்கு டிசம்பர்ல பிரசவம். டாக்டர் படுக்கையில இருக்கச் சொல்லியிருக்காங்க, துணைக்கு ஆள் இல்ல. நான் வாற மாசம் ஊருக்குப் போறேன். பிள்ளைக்குத் தலை நின்னு, என் மக எந்திரிச்சு நடமாடுற வரைக்கும் அங்கதான் இருப்பேன். என் பிரயாணத்துக்காகச் சபையார் ஜெபிக்கணும்” என்றேன். முடிவு வரை சொல்லிவிட்டேன். மூப்பர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பாவுக்கு வேறு வழியில்லை, கேட்ட விண்ணப்பத்துக்கு ஜெபிக்க வேண்டுமே. வேலைக்கு ஜெபித்தார்கள், ஆபரேஷனுக்கு ஜெபித்தார்கள், ஒவ்வொன்றையும் வழக்கத்தைவிட நீட்டி நீட்டி ஜெபித்தார்கள். பிறகு நின்றுவிட்டார்கள். கண்ணை மூடியிருந்த ஜனம் முடிந்துவிட்டதோ என்று திறந்து பார்க்கிற அளவுக்கு நின்றுவிட்டார்கள். அதன்பின், “ஆண்டவரே, எங்க மக ஜெமிமாவை நினைத்தருளும், சுகப்பிரசவத்தைத் தாரும், என் மனைவியின் பிரயாணத்தை வாய்க்கப்பண்ணும், அவள்... அவள் போகிற இடத்தில் நிம்மதியைத் தாரும்” என்றார்கள். எல்லாரும் ஆமென் என்றார்கள், பாக்கியசீலியின் ஆமென் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. சபை ஆமென் சொன்னதை இனி எந்த மூப்பரும் மாற்ற முடியாது. வாசலில் மூப்பர், “அக்கா, ஒரு வார்த்த முன்னாடியே சொல்லியிருக்கலாமே” என்றார். “அந்த அறிவிப்பு வாசிக்கதுக்கு முன்னாடி எங்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே மூப்பரே” என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா பீரோவைத் திறந்து என் பாஸ்போர்ட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்கள். “நான் வர முடியாது, தெரியும்லா” என்றார்கள். தெரியும் என்றேன். “பிள்ளகிட்ட நீயே பக்குவமா சொல்லிரு” என்றார்கள். சோறு போட்டேன், சாப்பிட்டார்கள், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டார்கள். நான் விடுதலையாகிவிட்டேன் என்று நினைத்து நீ சந்தோஷப்படாதே மகளே. உன் வீட்டில் உன் பிள்ளையை மடியில் வைத்திருக்கும்போதும் அப்பா இங்கே தனியாக பிரெட் தின்கிறார்களா, மாத்திரை போட்டார்களா என்றுதான் என் நினைப்பு இருக்கும். பிறகு திரும்பி இந்த அறைக்குத்தான் வர வேண்டியிருக்குமோ, அதுவும் தெரியவில்லை. இப்போதைக்கு வருகிறேன், அது மட்டும் நிச்சயம்.

மாப்பிள்ளையிடம் சொல்லி சரோஜாவுக்கு ஒரு காபி கொடுத்து உட்கார வைத்து அனுப்பு. மாடிப்படி ஏறாதே, இடது பக்கமாகப் படு, இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே. கர்த்தர் உன்னையும் உன் கர்ப்பத்தின் கனியையும் ஆசீர்வதித்து, நான் வந்து சேர்கிற வரை தம் செட்டைகளுக்குள் மூடிக் காப்பாராக. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். ஏர்போர்ட்டில் என்னைத் தனியாகப் பார்த்ததும் அப்பா ஏன் வரவில்லை என்று என்னிடம் கேட்காதே. இத்தனை வருஷமாக உன் கேள்வியை அவரிடமும் அவர் பதிலை உன்னிடமும் நான்தான் சுமந்துகொண்டிருக்கிறேன். இந்தத் தடவை நீயே போன் போட்டு, அவரிடமே கேள். பதில் வருகிற வரை போனை வைக்காதே.

என் வரவுக்காக நீ காத்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிற,
உன் அம்மா
ஜெயசீலி