சுண்ணாம்பு அடித்த சுவரும் காற்றைக் குடித்த பெட்டியும்

ருவான்வெல்லை

அன்பு மகள் விஜயகலாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் சுகம், அம்மாவின் நெஞ்சு மட்டும் இன்னும் விசிலடிக்கிறது, சைப்பிரசில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாயிருக்க முருகன் துணை.

முக்கியமான செய்தி, நம் அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு முழம் முன்னால் இழுப்பதென்று ஞாயிற்றுக்கிழமை தீர்மானமாயிற்று. அம்மா முன்மொழிந்தாள், மறுப்பவர் இல்லாததால் நான் இழுத்தேன். பின்னால் சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம். நீ அங்கிருந்தே பேசி ஏற்பாடு செய்த காற்றுப் பரிசோதனைக்கு இதைவிட நல்ல சுவர் கிடைக்காதென்று மகிழ்ந்தேன், காற்றில் நஞ்சு அகப்பட்டால்தானே தோட்டத்துத் துரை ஒழுகும் கூரையை மாற்றித் தருவார். பரிசோதிக்க வரும் மாவனல்லைத் தம்பி பவாஸ், எதையும் துடைக்க வேண்டாம், இருக்கிறபடியே விடுங்கள் என்று போனில் படித்துப் படித்துச் சொன்னார். அம்மாவிடம் சொன்னேன். "வர்றவங்க அப்படித்தாங்க சொல்வாங்க, தேத்தண்ணிகூட வேணாம்னுதான் சொல்வாங்க, அதுக்காகக் குடுக்காம அனுப்புறதா?" என்றாள். நம் லயத்து வரிசையில் பக்கத்துக் காம்பிரா வீட்டுக் கன்னையா தன் வீட்டுக்கென்று கரைத்த சுண்ணாம்பை வாளியோடு தூக்கி வந்து, "வெளியாள் வர்ற வீடுண்ணே, லயத்து மானம் இருக்கு" என்று அவரே அடித்தும் தந்தார். அம்மா தூசி தட்டி, துடைத்து, சாம்பிராணியும் போட்டாள்.

பவாஸ் உள்ளே வந்து மூக்கை உறிஞ்சினார். "எப்பம்மா சுண்ணாம்பு அடிச்சீங்க?" "நேத்துத்தான் தம்பி, உங்களுக்காகத்தான்." அவர் சுவரைத் தொட்டு விரலில் ஒட்டிய வெள்ளையைப் பார்த்தார். பிறகு ஒரு சின்னப் பெட்டியை நாற்காலியில் வைத்தார், அது நம் காற்றைக் குடித்தது, அவர் தேத்தண்ணி குடித்தார். பூஞ்சணம் வேறு, அது விடும் நஞ்சு வேறு, நஞ்சு தூசியில் ஒட்டியிருக்கும் என்று விளக்கிவிட்டு, சுண்ணாம்பு படாத கன்னையா வீட்டுக்கும் பெட்டியைக் கொண்டுபோனார்.

முடிவு வந்துவிட்டது, நம் வீட்டில் நஞ்சு இல்லையாம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை மகள். நஞ்சில்லாத வீட்டில் அம்மாவுக்கு ஏன் இழுக்கிறது, அந்தப் பெட்டி குடித்தது யார் வீட்டுக் காற்று, வந்தவருக்காக வீட்டைத் துப்புரவாக்கியது பிழையென்றால் மரியாதையை எங்கே கொண்டுபோய் வைப்பது? சுண்ணாம்புக்கு மேலே கறுப்பு மறுபடி எட்டிப்பார்க்கிறது, திரும்ப அளக்க வரமாட்டார்களாம்.

உன் அறை ஜன்னலைப் பகலில் திறந்து வை. அம்மாவிடம் பேசும்போது சுண்ணாம்புப் பேச்சை மட்டும் எடுக்காதே. அவள் இருமலுக்கு நடுவே உன்னை ஆசீர்வதிக்கிறாள், நானும்தான்.

உன் அப்பா
மூக்கையா

பி.கு.: கூரைத் தகரம் நேற்று வந்தது. கன்னையா வீட்டு வாசலில் இறக்கியிருக்கிறார்கள்.