நான்கு தட்டும் ஒரு கையும்

அக்கா,

இன்று அச்சகத்திலிருந்து துண்டறிக்கைகளின் புதுக் கட்டு வந்தது. பிரித்ததும் மை வாசனையோடு, படத்தில் உங்கள் கைதான் முதலில் தெரிந்தது. சிவப்பு வளையல் போட்ட அதே கை.

வலிப்பு மாத்திரைத் துண்டறிக்கையின் முதல் பதிப்பில் அந்தக் கை இல்லை. கற்றல் சிரமம் உள்ளவர்களுக்காக, நம் பயிற்சி மையத்தில் உட்கார்ந்து நானே தனியாகச் செய்தது அது. பெரிய எழுத்து, சின்ன வாக்கியம். ‘சாப்பிட்ட பிறகு மாத்திரை போடுங்கள்’ என்பதற்கு இரண்டு இட்லி படம். அங்கே பயிற்சிக்கு வந்த, அதே மாத்திரை போடும் உங்களிடம் காட்டி, “புரிஞ்சுதாக்கா?” என்றேன். “புரிஞ்சுது தம்பி” என்றீர்கள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

அடுத்த வாரமே மையத்து வாசலில் வலிப்பு வந்து விழுந்தீர்கள். நெற்றியில் தையல். மறுநாள் பார்க்க வந்த நான் நலம்கூட விசாரிக்காமல், “மாத்திரை போடலையா?” என்று கடிந்துகொண்டேன்.

“வீட்டுல இட்லி அவிக்கலையே தம்பி.”

உங்கள் அம்மா மீன் எடுக்க விடியுமுன்பே துறைமுகம் போய்விடுவார். காலையில் உங்களுக்குப் பழைய சோறும் மீன்குழம்பும்தான். ஒரு வாரமாக இட்லிக்குக் காத்திருந்திருக்கிறீர்கள்.

“அப்பறம் ஏங்க்கா புரிஞ்சுதுன்னு சொன்னீங்க?”

“புரியலன்னா எல்லாரும் திட்டுவாங்க. இப்ப நீயும் திட்டுறியே.”

அதன் பிறகு என் எதிர் நாற்காலி உங்களுடையதானது. “புரிஞ்சுதான்னு கேக்காத. இதப் பாத்து என்ன செய்வேன்னு கேளு” என்றீர்கள். பழைய சோறு, இட்லி, கஞ்சி, ரொட்டி என்று நான்கு தட்டு வைத்தோம். படத்துக்காக நான்கையும் கையில் பிடித்தது நீங்கள். அதற்கென்று புது வளையல் வேறு! “கை மட்டுந்தானா, மூஞ்சி வேணாமா?” என்று கோபித்து, அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

போன மழைக்காலத்தில் நெஞ்சுவலி வந்து ஒரேயடியாகப் போய்விட்டீர்கள்.

இன்று நெடுங்காட்டிலிருந்து புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள். தாளை நீட்டியதுமே, “புரிஞ்சுது சார்” என்றாள். நீங்கள் சொல்லித்தந்தபடி கேட்டேன்: “நாளைக்குக் காலையில என்ன செய்வீங்க?”

தாளில் இருந்த உங்கள் வளையல்மேல் விரல் வைத்தாள்.

“இந்தக்கா சாப்புட்டதும் நான் மாத்திர போடுவேன்.”

கட்டைத் திரும்பக் கட்டிவிட்டேன், அக்கா. நாளை அவள் தன் வீட்டுத் தட்டோடு வருகிறாள். புதுப் படத்தில் கை இருக்காது. கோபித்துக்கொள்ளாதீர்கள், கேட்கச் சொன்னது நீங்கள்தானே.