அடைக்க மறந்த மடை

8.8.1999, ஞாயிறு

தாளிக்கும்போது "அதை எடுங்க" என்றேன். எதை என்று இவர் கேட்டார். வார்த்தை வரவில்லை. காற்றில் கிண்டிக் காட்டினேன். இவர் மத்தைக் கொண்டுவந்தார், பிறகு முறத்தை, பிறகு துடைப்பத்தை! அதற்குள் கடுகு கருகிவிட்டது. கரண்டி. சத்துணவுக் கூடத்தில் பத்து வருஷமாக நூற்றிருபது பிள்ளைகளுக்குக் கரண்டி பிடித்தவள் நான். இரண்டு பேரும் சிரித்தோம். இவர் கொல்லைப் பக்கம் போன பிறகு கொஞ்சம் அழுதேன்.

மார்பை எடுத்து ஏழு மாதம். ஆறாவது மருந்து ஏற்றி முடிந்து இரண்டு மாதம். தலையில் முடி வந்துவிட்டது. தலைக்குள் இருந்ததுதான் இன்னும் வந்து சேரவில்லை.

10.8.1999

தஞ்சாவூர் போய் வந்தோம். டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். "இந்த மருந்து ஏத்திக்கிட்ட நெறைய பேரு இதைச் சொல்றாங்க அம்சவல்லி. பைத்தியமெல்லாம் இல்ல. மெதுவாத் தெளியும், சிலருக்கு நாளாகும். எதையும் எழுதி வச்சுக்கங்க" என்றார். அதனால்தான் இந்த நோட்டு.

இவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "மூணாம் தேதிக்குள்ள தெளிஞ்சிடுமா டாக்டர்?"

செப்டம்பர் மூன்றாம் தேதி குத்தகைத் தாசில்தார் முன்னால் விசாரணை. அப்பா முப்பது வருஷம் உழுத ஒன்றரை ஏக்கர். செத்த பிறகு நாங்கள் உழுகிறோம். அப்பா வெறும் பண்ணையாள், குத்தகைக்காரரே இல்லை என்கிறார் நிலத்துக்காரர். ரசீது என்று ஒன்றை அந்தக் காலத்தில் யார் கொடுத்தார்கள்? அப்பாவுக்குச் சோறு கொண்டுபோய், களத்தில் குத்தகை நெல் அளந்து கொடுத்ததைப் பார்த்தேன் என்று சொல்ல இருப்பவள் நான் ஒருத்திதான். சாட்சியும் நான்தான். கரண்டி மறந்த சாட்சி.

13.8.1999

தினமும் சாப்பிட்டதும் இவர் வக்கீலாகிவிடுகிறார். "எந்த வருஷம்மா? எத்தனை கலம் நெல்லு?" சில நாள் கடகடவென்று சொல்கிறேன். சில நாள் ஒன்றுமில்லை. நான் திணறினால் உடனே, "எனக்கும் மறந்துடுச்சு அம்சு, விடு" என்கிறார். பொய். அவருக்கு ஒன்றும் மறக்கவில்லை. பொய் சொல்லத் தெரியாத மனுஷன் எனக்காகப் பழகுகிறார்.

வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துப் பங்கிடுகிற இராஜாங்கம் அண்ணனையும் இவர் சாட்சிக்குக் கேட்டாராம். "நிலத்துக்காரங்க வயலுக்கும் நான்தானப்பா தண்ணி உடணும். என்னைய இழுக்காத" என்று சொல்லிவிட்டாராம். அவர் மேல் கோபமில்லை. அவர் பிழைப்பு அப்படி.

16.8.1999, திங்கள்

இவர் ஒரத்தநாடு போயிருந்தார். காலையில் எங்கள் முறை. நானே போனேன். வயல் நிறைந்தது, மடைவாயில் திணிக்க வைக்கோல் பிரி திரித்தேன், மடையை அடைத்தேன், வீட்டுக்கு வந்தேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது.

மத்தியானம் பக்கத்து வயல் செவ்வந்தி வீட்டிலிருந்து சத்தம். எங்கள் வயல் வழிந்து அவளுடைய நாற்றங்காலில் ஏறிவிட்டதாம். நேற்றுத் தெளித்த முளை விதை அத்தனையும் ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடக்கிறதாம். ஓடலாம் என்று எழுந்தேன். துண்டை எடுக்கக் கொடிக்குப் போனால், துண்டோடு கிடக்கிறது அந்த வைக்கோல் பிரி.

தோளில் போட்டபடியே வந்திருக்கிறேன். ஐயோ, அடைத்தது எனக்கு ஞாபகம் இருக்கிறதே! நடக்காதது எப்படி ஞாபகம் இருக்கும்?

17.8.1999

பழி இராஜாங்கம் அண்ணன் மேல் போய்விட்டது. குடித்துவிட்டு மடையைப் பார்க்காமல் விட்டார் என்கிறார்கள். குடிப்பவர்தான். அதனால் எல்லோரும் நம்புகிறார்கள். அவரை முறை வேலையிலிருந்து எடுத்துவிடப் போகிறார்களாம், நாளைக்குக் கூட்டம்.

இவரிடம் பிரியைக் காட்டினேன். கையில் வாங்கிப் பார்த்தார். "மூணாந் தேதி வரைக்கும் வாயத் தொறக்காத அம்சு. உனக்குப் புத்தி தடுமாறுதுன்னு அவங்க வக்கீலுக்குத் தெரிஞ்சா எல்லாம் போச்சு. உங்க அப்பா ஒழச்ச மண்ணு."

அவர் சொல்வதும் நியாயம்தானே? அப்படியானால் சோறு ஏன் இறங்கவில்லை?

18.8.1999

சொல்லிவிட்டேன்.

வாய்க்கால் தலைப்பில் எல்லோரும் நின்றார்கள், நிலத்துக்காரரின் காரியக்காரர் உட்பட. பேச்சுத் தடுமாறும் என்று பயந்து பிரியையே கையில் கொண்டுபோனேன். "நான்தான் அடைக்கல. மருந்துக்கு அப்புறம் எனக்கு மறதி. அண்ணன் மேல தப்பில்ல." அவ்வளவுதான். காரியக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முதல் ஆளாகக் கிளம்பினார். எங்கே போகிறார் என்று எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் நாற்றில் பாதி உனக்கு என்று செவ்வந்தியிடம் சொன்னேன். "நாத்து கெடக்குது. நீ மொதல்ல உக்காரு" என்று வரப்பில் உட்கார வைத்தாள்.

இவர் வழியெல்லாம் எனக்கு முன்னால் நடந்தார். வீட்டுக்கு வந்து அவரே சோறு வடித்தார். என் தட்டில்தான் முதலில் போட்டார்.

26.8.1999

இவர் வக்கீல் வேஷம் போடுவதை விட்டுவிட்டார். எனக்கு அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

3.9.1999, வெள்ளி

விசாரணை முடிந்து வந்துவிட்டோம். மறப்பதற்குள் இன்றே எழுதிவிட வேண்டும்.

அவர்கள் வக்கீல் எழுந்ததும் கேட்டது, "மடையை அடைச்சோமா இல்லையாங்கறதே உங்களுக்கு மறந்துடுச்சாமே?" ஆமாம் என்றேன். "அப்போ இருபத்தஞ்சு வருஷத்துக்கு முந்தி களத்துல அளந்தது மட்டும் ஞாபகம் இருக்கா? எந்த வருஷம்?" தெரியும். இவரிடம் ஐம்பது தடவை சொன்ன வருஷம். வாயைத் திறந்தேன், வரவில்லை. கூடத்தில் இருந்த எல்லோரும் என்னையே பார்த்தார்கள். இவர் தலையைக் குனிந்துகொண்டார். "இப்ப வரலீங்க ஐயா" என்றேன். "வராததைச் சொல்ல மாட்டேன்."

பின்னால் பெஞ்சு நகர்ந்தது. இராஜாங்கம் அண்ணன். அவரை யாரும் கூப்பிடவில்லை. வெள்ளை வேட்டி, குடிக்காத முகம்.

"ஐயா, அந்த வயலுக்கு அறுவத்தொம்பதுலேர்ந்து தண்ணி உட்டவன் நான். இந்தம்மாவோட அப்பாருக்குக் குத்தகைக்காரர் முறையிலதான் உட்டேன். களத்துல நெல்லு அளக்கறப்ப நானும் நின்னேன். வேணும்னா எழுதிக்குங்க."

தாசில்தார் எழுதிக்கொள்ளச் சொன்னார்.

வெளியே வந்து அண்ணனைக் கும்பிட்டேன். "எம் பேரைக் காப்பாத்திக் குடுத்த. எனக்கு வேற எப்புடித் திருப்பித் தரத் தெரியும்?" என்றார். நிலத்துக்காரர் வயலுக்கு இனி எப்படித் தண்ணீர் விடுவீர்கள் என்று கேட்டேன். "எப்பவும்போலத்தான். பயிரு என்ன பண்ணுச்சு?"

பஸ்ஸில் இவர் என் கையை விடவே இல்லை. பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத்தான் கூச்சம்.

14.12.1999

தாலுகா ஆபீசில் உத்தரவு வாங்கினோம். குத்தகைப் பதிவில் அப்பா பெயர், வாரிசாக என் பெயர். வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதச் சொன்னார்கள். பெயரை எழுதினேன். தேதி வரவில்லை. குமாஸ்தா பேனாவுக்காகக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

இவரைப் பார்த்தேன். "எனக்கும் மறந்துடுச்சு" என்று சொல்லவில்லை. "பதினாலு, அம்சு" என்றார்.

எழுதினேன்.