புதியவர் பெயர் வரவேண்டிய இடம்

ஞாயிறு, இரவு

பேராயர் பதவியிலிருந்து ஓய்வுபெற்றபின் இன்றுதான் முதல் பூசை, கிள்ளானில். பேராயருக்காக மன்றாடும் இடத்தில் புதியவரின் பெயரைச் சொல்ல வேண்டும். நானோ இத்தனை வருடப் பழக்கத்தில் "உம் ஊழியனாகிய எனக்காகவும்" என்றுவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை, அக்காவைத் தவிர.

காரில் ஏறியதும் பிடித்துக்கொண்டாள். "இன்னும் நீதான் பிஷப்புன்னு நெனப்பா? ரிட்டயர் ஆயாச்சு லா!"

சிரித்து வைத்தேன். கண்ணை மூடினால் பிரிக்பீல்ட்ஸ், சுங்கை வே, ரவாங் என்று, இதுவரை பூசைதோறும் எனக்காகப் பெயர் சொல்லி மன்றாடிய ஒவ்வோர் ஆலயத்திலிருந்தும் என் பெயர் எழுந்து, சத்தமில்லாமல் வெளியே நடக்கிறது. எங்கே போகும் என்று தெரியவில்லை.

இப்போது வீட்டில், பக்கத்து அறையில் அக்கா செபமாலையை முடிக்கிறாள். மகன், மருமகள், பேத்தி என்று வரிசையாக வேண்டிக்கொண்டு, கடைசியில், "எந்தம்பிக்காகவும்."

சுவருக்கு இந்தப் பக்கம், நான் ஆமென் சொன்னேன்.