பெறப்படவில்லை

இன்று காலை உனக்கு ஒரு மெசேஜ் வந்தது. வழக்கம்போல் என் போனுக்குத்தான். 'அன்புள்ள உறுப்பினரே, தாங்கள் எடுத்துச் சென்ற நூலை நாளை மறுநாளுக்குள் திருப்பி ஒப்படைக்கவும்' என்று நூலகத்திலிருந்து. கீழே உன் பெயர், உறுப்பினர் எண். நீ செத்து எட்டு மாதம் ஆகிறது. உன் பேரில் புத்தகம் எடுத்தவன் நான். போனைத் தூக்கி ஜெராக்ஸ் மெஷின் மேல் எறிந்தேன். எறிந்த கையோடு திரும்ப எடுத்தும் பார்த்தேன், யாருக்காவது ஓடிபி வந்திருக்குமோ என்று. என் பிழைப்பு அப்படி.

பண்ணைக்காடு பஸ் ஸ்டாண்டில் என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஒரே போன் நம்பர் ஒரு வருசம் தங்காது. ரேஷன் அட்டை, பட்டா, முதியோர் உதவித்தொகை, எதற்கு விண்ணப்பித்தாலும் செல்போன் எண் என்ற கட்டத்தில் என் எண்ணைப் போட்டுவிடுவேன். உன்னிடம் இருந்தது பழைய பட்டன் போன். அதில் தமிழ் மெசேஜ் வந்தால் வெறும் கட்டம் கட்டமாகத் தெரியும். "ஒன் நம்பரையே போடுலே. ஒனக்கு வந்தா எனக்கு வந்த மாதிரிதான" என்றாய். போட்டேன்.

அது போன வருசம் தை மாதம். மலை முழுக்க மூடுபனி. உன் ஜீப்புக்கு ஆள் ஏறவில்லை. எதிரே ஜீப் ஸ்டாண்டிலிருந்து கையைத் தேய்த்துக்கொண்டு கடைக்குள் வந்தாய். எனக்கும் சோலி இல்லை. நூலகத்துக்குப் புதிதாக இணையதளம் வந்திருக்கிறது, எந்தப் புத்தகம் எந்த ஊரில் இருக்கிறது என்று இங்கிருந்தே பார்க்கலாம், வேண்டுமென்றால் மலைக்குக் கீழே வத்தலக்குண்டு நூலகத்துக்கு வரவழைக்கலாம் என்று உனக்குக் காட்டினேன். முதல் பக்கத்தில் ஒரு சிறுமி பளிச்சென்ற சீருடையில் சிரித்தாள். "இந்தப் புள்ள எந்த ஊருடா? ஒரு அட்டைப்பூச்சி கூடக் கடிக்காத காலா இருக்கே" என்றாய்.

உறுப்பினராகச் சேர, நீ மனிதன்தான் என்று நிரூபிக்கச் சொன்னது. ஒன்பது படம் போட்டு, டிராபிக் லைட் உள்ளவற்றைத் தேர்ந்தெடு என்றது. "டிராபிக் லைட்டப் பாத்தவன்தான் மனுசனா? அப்ப நம்ம ஊர்ல ஒருத்தனும் மனுசன் இல்லலே" என்றாய். அன்றைய மூடுபனியில் கடைக்குள் போனுக்கு டவர் கிடைக்காததால் என் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஸ்டாண்டில் போய் நின்று, வந்த ஓடிபியை ஒவ்வோர் எண்ணாகக் கத்தினாய். நான் அடித்து முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்றது. மூன்றாவது தடவை உன் பக்கத்தில் நின்ற டிரைவர்களும் சேர்ந்து கத்தினார்கள். அப்படித்தான் நீ உறுப்பினரானாய். அன்றைக்குச் சிரித்த மாதிரி அதற்கப்புறம் நாம் சிரிக்கவில்லை.

அப்புறம்தான் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஒரு பேரு போட்டுப் பாருடா" என்றாய். இலங்கையில் நீ பிறந்த தேயிலைத் தோட்டத்தின் பெயர். ஒரே ஒரு புத்தகம் வந்தது. அந்தத் தோட்டத்தைப் பற்றி அங்கே வேலை பார்த்த ஒருவர் எழுதியது, புகைப்படங்களுடன். திரையை நீ தொட்டுப் பார்த்ததை நான் பார்த்தேன்.

நாலு வயசில் கப்பலேறி வந்தவன் நீ. அந்த ஊரைப் பற்றி உனக்கென்று இருந்தது ஒரே ஒரு ஞாபகம். விடியாத நேரத்தில் உன் அம்மா உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு தொங்குபாலத்தில் நடப்பாள், பாலம் ஆடும், கீழே தண்ணீர் சத்தம் கேட்கும். இதை நீ சொல்ல ஆரம்பித்தாலே உன் அண்ணன் சிரிப்பார். "பாலமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நாலு வயசுல என்னா தெரியும் ஒனக்கு? எங்கயோ படத்துல பாத்துட்டு ஒளறுறான்." அவருக்கு அப்போது ஒன்பது வயது, அதனால் அவர் சொன்னதுதான் வீட்டில் சட்டம். உன் பெண்டாட்டி பிள்ளைகள் முன்னாலேயே சொல்வார். உன் அம்மா உயிரோடு இருந்தபோது கேட்காமல் விட்டதற்காக நீ உன்னையே திட்டிக்கொள்வாய்.

முன்பதிவு செய்தோம். 'நூல் தயாரானதும் குறுஞ்செய்தி அனுப்பப்படும்' என்றது. இரண்டு மாதம் கழித்து வத்தலக்குண்டு நூலகத்தில் நேரிலும் கேட்டாய். மெசேஜ் வரும், போங்க என்றார்கள். அதன்பின் உனக்கு நான்தான் நூலகம். தினமும் வெள்ளனே ஜீப்பை நிறுத்திவிட்டு, கடை வாசலில் தலையை நீட்டி, "வந்துச்சாடா?" என்பாய். "வரலடா" என்பேன். போனைப் பார்த்துவிட்டா சொன்னேன்? ஒரு நாள் பார்த்தேன், இரண்டு நாள் பார்த்தேன். அப்புறம் கதவு திறக்கிற சத்தத்துக்கே "வரலடா" வாயில் வந்துவிடும். ஆவணி கடைசியோடு நீ கேட்பதை நிறுத்திக்கொண்டாய்.

ஐப்பசியில் ஸ்டாண்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். உன் ஜீப்பிலேயே உன்னை ஏற்றிக்கொண்டு இறங்கினோம். வத்தலக்குண்டு எட்டவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் நான் நேராக நூலகத்துக்குப் போனேன். அங்கே மேசையில் இருந்த அம்மாவை என்னென்னவோ கேட்டேன். "ஒரு புத்தகத்தக் கொண்டாற ஒங்களுக்கு ஒம்போது மாசமா? மனுசன் எதிர்பாத்துக்கிட்டே செத்துட்டான். வெப்சைட்டு எதுக்கு, பொம்பளப்புள்ள படம் போடவா?" என்றேன். அந்த அம்மா எழுந்து நின்றுவிட்டார். "மெசேஜ் போயிருக்கும் சார்" என்றார். "என் போனுக்கு ஒண்ணும் வரல" என்று மேசையைத் தட்டினேன். படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். உனக்காகச் சண்டை போட்டேன் என்று பெருமையாகக்கூட இருந்தது.

போன மாதம், உன் அட்டையைப் புதுப்பிக்கச் சொல்லி மெசேஜ் வந்தது. எரிச்சலில், உன் பேரையே எடுத்துவிடலாம் என்று இணையதளத்துக்குள் போனேன். விலகுவதற்குக் காரணம் கேட்டது. இடமாற்றம், அட்டை தொலைந்தது, ஆர்வமின்மை, பிற. ஆர்வமின்மையாம்! ஒரு பாலத்துக்காக மாதக்கணக்கில் வாசலில் நின்றவனுக்கு. சாவு என்று ஒன்று இருப்பது இதைச் செய்தவர்களுக்குத் தெரியாதா? திட்டிக்கொண்டே வேறெங்கோ அமுக்கினேன், உன் பழைய முன்பதிவுகள் திறந்தன. ஒரே ஒரு வரி. நூல் தயார். தகவல் அனுப்பப்பட்டது. ஏழு நாள் வைக்கப்பட்டது. பெறப்படவில்லை. ரத்து.

போனில் பின்னால் பின்னால் போய்த் தேடினேன். ஆவணி மாதம். கல்லூரி உதவித்தொகைக்குக் கடைசி நாள் நெருங்கி, கடை பிதுங்கிக்கொண்டிருந்த வாரம். அத்தனை ஓடிபிகளுக்கு நடுவில் உன் மெசேஜ் கிடந்தது. திறக்கப்படாமல்.

அந்த ஏழு நாளும் நீ ஜீப் ஓட்டினாய். இரண்டு தடவை வாழைத்தார் ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டு சந்தைக்குப் போனாய். நூலகத் தெரு வழியாகத்தான் போயிருப்பாய், வேறு வழி கிடையாது. அந்த நாட்களிலும் காலையில் கேட்டாய். நானும் சொன்னேன்.

இத்தனை நாள் வெப்சைட் மேல் இருந்த கோபத்தையெல்லாம் இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது? அது தன் சோலியை ஒழுங்காகப் பார்த்திருக்கிறது. எனக்கு உன் மேலேயும் கோபம்தான், சொல்லிவிடுகிறேன். என் சட்டையைப் பிடித்து, "எடுத்துப் பாருலே" என்று ஒரு தடவை சொன்னால் என்ன? என் ஒரு வார்த்தை மேல் அவ்வளவு நம்பிக்கையா? ஊரில் இத்தனை பேர் தங்கள் எண்ணுக்குப் பதில் என் எண்ணைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்களே, எந்தத் தைரியத்தில்?

உன் பேரை எடுக்கவில்லை. புதுப்பித்தேன். அதே புத்தகத்தை உன் பேரிலேயே மறுபடி கேட்டேன். இந்த முறை மெசேஜ் வந்த நிமிசமே கடையை அடைத்துவிட்டு பஸ் ஏறினேன். அதே அம்மா. என்னைப் பார்த்ததும் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார். "மெசேஜ் வந்திருந்துச்சும்மா. நாந்தான் பாக்கல. அன்னைக்குப் பேசுனதுக்கு மன்னிச்சிருங்க" என்றேன். அவர், நான் அச்செடுத்துக் கொண்டுபோன உன் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "பதினஞ்சு நாள் சார். அவர் பேருலயே பதிஞ்சுக்கிறேன்" என்றார். விதிப்படி அது சரியா என்று நான் கேட்கவில்லை.

பஸ்ஸில் வைத்துப் பிரிக்கக் கை வரவில்லை. கடைக்கு வந்துதான் பிரித்தேன். பின்பாதியில் ஒரு பக்கம் முழுக்க ஒரு படம். அதை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு உன் அண்ணன் வீட்டுக்குப் போனேன், அவரையும் நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிடவேண்டும் என்று. கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு படத்துக்குக் கீழே இருந்த வரியை எழுத்துக்கூட்டி வாசித்தார். "பிள்ளைக் காம்பராவுக்குப் போகும் பாலம்."

"காம்பரான்னா?" என்றேன்.

"சின்னப் புள்ளைகள அந்த ரூம்புல விட்டுட்டுக் கொழுந்து பறிக்கப் போவாங்க தம்பி. ஆயா ஒருத்தி பாத்துக்குவா. நான் பள்ளிக்கூடம் போற பய, அந்தப் பக்கமே போனதில்ல. அம்மா அவனத் தூக்கிட்டுத்தான் தெனமும்..." படத்தை அவர் திருப்பித் தரவில்லை. கொண்டுபோன நாலு வார்த்தையையும் நான் விழுங்கிக்கொண்டு வந்தேன். அவர் சிரித்தார், நான் பார்க்காமல் சொன்னேன், இதில் யார் யாரைக் கேட்பது?

நாளை மறுநாள் புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன், ஒரு நாள் தாமதமாகாது. இப்போதெல்லாம் காலையில் கடை திறந்ததும் டீ குடிப்பதற்கு முன்னால் எல்லா மெசேஜையும் ஒன்று விடாமல் படிக்கிறேன். யாருடையதோ அவர்கள் வீட்டுக்கு ஆள் அனுப்புகிறேன், ஆள் இல்லாவிட்டால் நானே போகிறேன். அப்படியும் கதவு சத்தம் கேட்டால் அந்தப் பாழாய்ப்போன வார்த்தை வாய்வரை வந்துவிடுகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு போனை எடுத்துப் பார்க்கிறேன்.

வந்துச்சுடா. ரெண்டு பக்கமும் கம்பி கட்டி, நடுவில் கொஞ்சம் தொய்ந்து, கீழே ஆறு ஓடுகிறது. பாலம் இருக்கு.