மறுவீட்டுச் சொதிக்கு ஒரு வேட்டி

20-5-1984, ஞாயிறு

இன்று செம்பூரில் மறுவீட்டு விருந்து. பெண்ணின் அப்பாவான அண்ணாச்சி வியாழக்கிழமைதோறும் தாராவியில் என் மெஸ்ஸுக்கு வந்து தேங்காய்ப் பால் சொதி சாப்பிடுகிறவர். அதே சொதிதான் வேண்டும் என்று அவரே கேட்டார். இருநூறு பேருக்கு ஆக்கினேன்.

பந்தி முடிந்ததும் சமையல்காரரைச் சபையில் நிறுத்தி வேட்டி கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அண்ணாச்சி அடுக்களைக்குள் வந்து, காய் நறுக்க வந்திருந்த என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்தார்.

"நீரு வாரும். பொம்பளை ஆக்குனான்னா மாப்பிள்ளை வீட்டுல ஒரு மாதிரி பேசுவாங்க. நீ ஒண்ணும் நெனச்சுக்கிடாதம்மா."

"எனக்கு நறுக்கத்தான் தெரியும்" என்று இவர் அசையாமல் உட்கார்ந்துவிட்டார்.

நான் கரண்டியோடு சபையில் போய் நின்றேன். "சொதி ஆக்குனது நான்தான்" என்றேன். மாப்பிள்ளையின் அம்மா, "இஞ்சிப் பச்சடியும் நீதானா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "ரெண்டு தடவ வாங்குனேன்" என்றாள்.

அண்ணாச்சி தட்டை நீட்டினார். அதில் எட்டு முழ வேட்டி. ஒரு சேலை வாங்கி வைக்க அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. வாங்கிக்கொண்டேன்.

டாக்ஸியில் வரும்போது வேட்டியை இவர் மடியில் வைத்துத் தடவிப் பார்த்தார். கட்டிக்கொள்ள ஆசை போலிருக்கிறது. கொடுக்க மாட்டேன். நல்ல மெல்லிய துணி. கரையைக் கிழித்துவிட்டு நாலாக வெட்டப் போகிறேன். வியாழக்கிழமை சொதிக்குத் தேங்காய்ப் பாலை அதில்தான் வடிகட்டுவேன்.

அண்ணாச்சி சாப்பிட வரட்டும்.